ஆன்லைன் டியூஷனில் கணக்கை எதில் எழுதிக் காட்டுவது: தாளா, ரைட்டிங் பேடா, டேப்லெட்டா, தட்டச்சா, வீடியோவா?

ஆன்லைனில் கணிதமோ இயற்பியலோ எடுக்கத் தொடங்கும் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே வரும் கேள்வி இது. வகுப்பறையில் கரும்பலகை தயாராக இருக்கும், யோசிக்க வேண்டியதில்லை. இங்கே ஐந்து வழிகள் இருக்கின்றன. கடையில் கேட்டால் விலை கூடியதைக் காட்டுவார்கள். தெரிந்தவர்களைக் கேட்டால் அவரவரிடம் இருப்பதையே சிபாரிசு செய்வார்கள்.

கீழே உள்ள ஒப்பீடு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை, ஒருவருக்கோ நாலைந்து பேருக்கோ நேரலையில் பாடம் எடுப்பவர்களுக்கானது. ஆசிரியரிடம் ஒரு லேப்டாப்பும் ஒரு ஆண்ட்ராய்டு போனும் இருக்கின்றன, மாணவரிடம் வீட்டில் உள்ள ஒரு போன் மட்டும்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல முடிவுகளை மாற்றப்போவது இந்தக் கடைசி விவரம்தான்.

## எல்லா வழிகளையும் ஒரே கணக்கில் சோதிப்போம்

6 ஓம், 3 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் உள்ளன. அந்த இணைப்போடு 4 ஓம் மின்தடை தொடரிணைப்பில் இருக்கிறது. மின்கலம் 12 வோல்ட். 3 ஓம் வழியே பாயும் மின்னோட்டம் எவ்வளவு?

1. பக்க இணைப்பு: 1/6 + 1/3 = 3/6 = 1/2. தலைகீழாக்கினால் 2 ஓம்.
2. தொகுபயன் மின்தடை: 2 + 4 = 6 ஓம்.
3. மொத்த மின்னோட்டம்: 12 ÷ 6 = 2 ஆம்பியர்.
4. பக்க இணைப்பின் குறுக்கே மின்னழுத்தம்: 2 × 2 = 4 வோல்ட்.
5. 3 ஓம் வழியே: 4 ÷ 3 = 1.33 ஆம்பியர். சரிபார்க்க: 6 ஓம் வழியே 4 ÷ 6 = 0.67, இரண்டையும் கூட்டினால் 2.

ஐந்து வரிக் கணக்குதான். ஆனால் சுற்றை மூன்று முறை வரைய வேண்டும்: முழுச் சுற்று, 2 ஓமும் 4 ஓமும் மட்டும் உள்ள சுருங்கிய சுற்று, பிறகு மறுபடி முழுச் சுற்று. பிள்ளைகள் தொலைந்துபோவது பெரும்பாலும் நான்காம் படியில். சுருக்கிய படத்திலிருந்து பழைய படத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஆகவே அந்தப் பழைய படம் அப்போதும் கண்ணெதிரே இருக்க வேண்டும். எந்த வழியாக இருந்தாலும் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள்.

## எதைக் கொண்டு அளப்பது

மாணவரின் போனில் எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. 6.5 அங்குல போனைக் கிடையாகப் பிடித்தால் படம் சுமார் 12 செ.மீ. அகலத்தில் தெரியும்; நெட்டாகப் பிடித்தால் 7 செ.மீ.கூட வராது. கிடையாக வைத்த ஏ4 தாளின் 29.7 செ.மீ. அகலத்தையும் கேமராவில் காட்டினால், 5 மி.மீ. உயர எழுத்து மாணவருக்கு 2 மி.மீ. ஆகிவிடும். 15.6 அங்குல லேப்டாப் திரை ஏறத்தாழ 34.5 செ.மீ. அகலம், அதில் 1 செ.மீ. உயரத்துக்கு எழுதினால்தான் மாணவருக்கு 3.5 மி.மீ.யாவது கிடைக்கும். மங்கலாகத் தெரிகிறது என்ற புகாரில் பாதிக்கு இணையம் காரணமே இல்லை, எழுத்தின் அளவுதான் காரணம்.

படி ஒவ்வொன்றாக வருகிறதா, முந்தையது நிற்கிறதா. முழு விடையும் ஒரேயடியாகத் திரையில் விழுந்தால் மாணவர் நகல் எடுக்கத் தொடங்கிவிடுவார். அதுபோல் மூன்றாம் படி எழுதும்போது முதல் படி மேலே ஓடி மறைந்துவிட்டாலும் பயனில்லை.

டேட்டா. ஸூம் தரும் கணக்குப்படி, இருவர் பேசும் தரமான வீடியோவுக்கு 600 கேபிபிஎஸ் (நொடிக்கு 600 கிலோபிட்) வேகம் வேண்டும். அதாவது மணிக்கு சுமார் 270 எம்பி. 720 அளவு (720p) வீடியோவுக்கு 1.2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1.2 மெகாபிட்), மணிக்கு 540 எம்பி. முகத்தைக் காட்டாமல் திரையை மட்டும் பகிர்ந்தால் 50 முதல் 75 கேபிபிஎஸ் போதும். மணிக்கு 22 முதல் 34 எம்பி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்கில் வீடு முழுவதும் ஓடும் குடும்பத்துக்கு இது சின்ன வித்தியாசமில்லை.

பிள்ளை எந்த வரியில் தவறினான் என்று உங்களுக்குத் தெரிகிறதா. வாங்கும்போது யாரும் நினைக்காதது இது. கடைசியில் தனியாகவே பார்ப்போம்.

| வழி | கையிலிருந்து செலவு | டேட்டா | பழக ஆகும் காலம் |
|---|---|---|---|
| தாளும் போன் கேமராவும் | ஸ்டாண்டுக்குச் சில நூறு ரூபாய் | அதிகம் | ஒரு நாள் |
| ரைட்டிங் பேட் | சுமார் 2,500 முதல் 5,000 ரூபாய் | மிகக் குறைவு | இரண்டு வாரம் |
| டேப்லெட்டும் ஸ்டைலஸும் | பெரும்பாலும் 25,000 ரூபாய்க்கு மேல் | மிகக் குறைவு | ஓரிரு நாள் |
| தட்டச்சு செய்த விடை | இல்லை | ஏறக்குறைய இல்லை | வேகம் வர ஒரு மாதம் |
| பதிவு வீடியோ | மைக்குக்கு மட்டும் | ஒரு முறை | எடிட்டிங்கைப் பொறுத்தது |

## தாளும் போன் கேமராவும்

பணம் இல்லாதவர்களின் வழி என்று இதை ஒதுக்குகிறார்கள். அது நியாயமில்லை. உங்கள் கையெழுத்து, உங்கள் வேகம், விரலால் தொட்டுக் காட்டும் வசதி மூன்றும் இதில் அப்படியே கிடைக்கின்றன. நான்காம் படியில் பழைய சுற்றின் மேல் பேனா முனையை வைத்து "இந்த ரெண்டு முனைக்கும் நடுவுலதான் 4 வோல்ட்" என்று சொல்வதில் உள்ள தெளிவு, திரையில் ஓடும் சின்ன அம்புக்குறியில் வராது.

பத்தாம் வகுப்பு மாநிலப் பாடத்திட்டக் கணிதத்துக்கு வேறு வழி யோசிக்கவே வேண்டாம். செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மதிப்பெண்கள் அந்தத் தாளில் இருக்கின்றன. கவராயத்தின் முனையை எங்கே ஊன்றுவது, ஆரத்தை மாற்றாமல் அடுத்த வில்லை எப்படி வெட்டுவது என்பதையெல்லாம் உண்மையான கவராயத்தோடு காட்டினால்தான் புரியும். மென்பொருளில் வட்டம் கச்சிதமாக வந்து நிற்கும். கை செய்ய வேண்டிய வேலை அதில் தெரியாது.

அமைக்கும் முறை: போனின் பின்பக்கக் கேமரா தாளைப் பார்க்கட்டும், தாளின் அகலம் படத்தை நிறைக்கும் உயரம் போதும். ஏ4 தாளை இரண்டாக மடித்து ஏ5 ஆக்கிக் கிடையாக வையுங்கள். அகலம் 21 செ.மீ. ஆகிவிடும், அதே 5 மி.மீ. எழுத்து மாணவருக்கு 3 மி.மீ.க்குப் பக்கத்தில் தெரியும். பேனா 1 மி.மீ. முனை உள்ளதாக இருக்கட்டும். பென்சில் கேமராவில் சாம்பலாகப் போய்விடும். விளக்கு, வலது கைக்காரருக்கு இடப்பக்கம். இல்லாவிட்டால் எழுதும் வரியிலேயே கை நிழல் விழும்.

கெடுவது எப்படி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். போன் நேராகக் கீழே பார்த்தால் அதன் சென்சாருக்கு நெட்டா கிடையா என்று தெரியாது. வகுப்பு நடுவே படம் திரும்பிக்கொள்ளும். திரை சுழற்சியைப் பூட்டிவிட்டு, போனைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் சரியாகும். வெள்ளைத் தாள் சட்டம் முழுவதும் நிறைந்தால் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துத் தாளைச் சாம்பலாக்கும். கை உள்ளே வந்து போகும்போதெல்லாம் போகஸ் அலையும். போனை லேப்டாப்பின் கேமராவாக மாற்றும் வெப்கேம் செயலிகளில், வெளிச்சத்தையும் போகஸையும் பூட்டும் வசதி உள்ளதைப் பயன்படுத்துங்கள். படத்தில் பட்டைகள் ஓடினால் செயலியில் 50 ஹெர்ட்ஸ் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். நம் மின்சாரத்தின் அலைவெண் அதுதான். போனை இரண்டாவது ஆளாகக் கூட்டத்தில் சேர்க்கிறீர்கள் என்றால் அதில் ஆடியோவையே இணைக்காதீர்கள், இல்லாவிட்டால் எதிரொலி கிளம்பிவிடும்.

மறைந்திருக்கும் செலவு டேட்டாதான். அது உங்கள் தலையில் விழுவதில்லை, பிள்ளை வீட்டில் விழுகிறது. நெட் தளர்ந்தால் முதலில் குலைவதும் வீடியோவே: கை அசையும்போது எழுத்து கலங்கி, நின்ற பிறகு தெளியும். கிராமத்துப் பிள்ளைகள் அதிகம் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே அடுத்த வழிக்குப் போக வேண்டியிருக்கும்.

## ரைட்டிங் பேட்

திரையில்லாத கறுப்புப் பலகை. யுஎஸ்பி வழியே லேப்டாப்பில் செருகி, பேனாவால் பலகையில் எழுதினால் எழுத்து திரையில் வரும். வேகாம், ஹூவியான், எக்ஸ்பி-பென் எல்லாம் இந்த வகையில் கிடைக்கின்றன. பேனாவுக்குச் சார்ஜ் தேவைப்படாத மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். சார்ஜ் போடும் பேனா எந்த நாளில் காலை வாரும் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் பரீட்சைக்கு முந்தின நாளாகத்தான் இருக்கும்.

நேரலை வகுப்புக்கு, விலைக்கும் பயனுக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் கணிப்பு. ஆனால் வாங்கியவர்களில் பலர் ஒரு வாரத்தில் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். கண் திரையில், கை பலகையில் இருப்பது ஒரு காரணம். இரண்டு வாரம் தினம் கால் மணி நேரம் எழுதினால் அது பழகிவிடும். இன்னொரு காரணம் யாரும் சொல்லித்தராத அளவு விகிதம். சிறிய வேகாம் பலகையின் எழுதும் பரப்பு 15.2 × 9.5 செ.மீ. அது 34.5 செ.மீ. திரை முழுவதற்கும் விரிக்கப்படும்போது கையின் ஒவ்வொரு நடுக்கமும் இரண்டேகால் மடங்காகும். கையெழுத்து கோணலாகிறது என்று தன்னையே நொந்துகொள்ள வேண்டாம். டிரைவர் (பலகையை இயக்க லேப்டாப்பில் நிறுவும் மென்பொருள்) அமைப்பில் பலகையைத் திரையின் ஒரு பகுதிக்கு மட்டும் பொருத்துங்கள். அங்கேயே விகிதத்தைக் காக்கும் தேர்வையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் வட்டம் நீள்வட்டமாகும். விண்டோஸில் பேனாவை அழுத்திப் பிடித்தால் ஒரு வளையம் தோன்றி வலது கிளிக் ஆகிவிடும் தொல்லை உண்டு. அதையும் அணைத்துவிடுங்கள், எழுத்தின் தொடக்கம் வெட்டுப்படுவது நிற்கும்.

எழுத என்ன மென்பொருள்? ஓபன்போர்டு, ஒன்நோட், எக்ஸ்காலிட்ரா மூன்றுமே இலவசம்தான். ஒரே சேவையை நம்பி ஆண்டுக்கணக்கில் குறிப்புகளைச் சேர்க்காதீர்கள். கூகுள் ஜாம்போர்டு 2024 இறுதியோடு மூடப்பட்டது. வகுப்பு முடிந்ததும் பிடிஎஃப் ஆக எடுத்து வைத்தால் கவலையில்லை.

எல்லையற்ற பலகையில் ஒரு கண்ணி இருக்கிறது. இடம் தாராளமாக இருப்பதால் நகர்த்திக்கொண்டே போவோம். போனில் பார்க்கும் பிள்ளைக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. பக்கம் பக்கமாக எழுதுங்கள். மின்சுற்றுக் கணக்கில் இடப்பக்கம் படத்துக்கு, வலப்பக்கம் படிகளுக்கு. முழுச் சுற்றை ஒரு முறை வரைந்து நகலெடுத்துவிட்டால் நான்காம் படியில் அதை மறுபடி வரைய வேண்டியதே இல்லை. தாளைவிட இது கையோங்கும் இடம் இதுதான். தவறாக எழுதியதை அழிக்காமல் அடித்துவிட்டு எழுதுங்கள். அழித்தால் என்ன மாறியது என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது.

## டேப்லெட்டும் ஸ்டைலஸும்

எழுதும் இடத்திலேயே எழுத்து தெரிகிறது. பழக்கம் தேவையில்லை, கையெழுத்து தாளில் வருவதுபோலவே வருகிறது. பக்கங்களைச் சேமிக்கலாம், மாணவர் அனுப்பிய போட்டோவின் மேலேயே திருத்தலாம். நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுப்பவருக்குக் கழுத்துவலியும் குறையும்.

கேள்வி விலையில் இருக்கிறது. விளம்பர விலையில் பேனா சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்: சாம்சங் எஸ்6 லைட் பெட்டியிலேயே பேனா வரும், ஐபேடுக்கு ஆப்பிள் பென்சிலைத் தனியாக வாங்க வேண்டும். அதோடு கவர், பேனா முனை, திரைக்குச் சொரசொரப்பான ஷீட், கீழே விழுந்தால் திரை மாற்றும் செலவு. சிக்கனம் என்று நினைத்து, ரப்பர் முனை வைத்த நூறு ரூபாய் ஸ்டைலஸை ஏற்கெனவே வீட்டில் இருக்கும் டேப்லெட்டில் பயன்படுத்த நினைப்பவர்கள் நிறைய. அது விரலுக்கு மாற்று, அவ்வளவுதான். உள்ளங்கை பட்டாலும் கோடு விழும், அதனால் கையைத் தூக்கிப் பிடித்தே எழுத வேண்டியிருக்கும். பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும்.

மாதம் எத்தனை மணி நேரம் எடுக்கிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள். மணிக்கு 200 ரூபாய், மாதம் 20 மணி நேரம் என்றால் 30,000 ரூபாய் டேப்லெட்டுக்கு ஏழரை மாத வருமானம் போகிறது. 80 மணி நேரம் எடுப்பவருக்கு அது இரண்டு மாதத்துக்கும் குறைவு. முதலாமவர் வாங்கக் கூடாது. இரண்டாமவர் தயங்க வேண்டாம்.

## தட்டச்சு செய்த விடை

வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்கும் பிள்ளைக்கு நேரம் காலம் பாராமல் பதில் சொல்ல இது எளிது; தேடினாலும் கிடைக்கும். ஆனால் ஒற்றை வரியில் பின்னம் எழுதுவது ஆபத்து. மேலே உள்ள கணக்கின் மூன்றாம் படியைச் சுருக்கி 12/2+4 என்று அனுப்பினீர்கள் என்றால், நீங்கள் நினைத்தது 12ஐ 6ஆல் வகுப்பது, விடை 2. கணக்கு விதிப்படி வாசிக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது 10. அடைப்புக்குறி போட்டு 12/(2+4) என்று எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். நட்சத்திரக் குறியைப் பெருக்கலுக்குப் பயன்படுத்தாதீர்கள், வாட்ஸ்அப் அதைத் தடித்த எழுத்துக்கான குறியாக எடுத்துக்கொள்ளும், × போடுங்கள்.

லேடெக் (குறியீடுகளைத் தட்டச்சு செய்து சமன்பாடுகளை அச்சுபோல அமைக்கும் மென்பொருள்) தெரிந்தவர்களுக்குச் சமன்பாடுகள் அழகாக வரும். படம் வரைய அதில் ஆகும் நேரத்தில் மூன்று கணக்குகளை எழுதிக் காட்டிவிடலாம். வேதியியல் மோல் கணக்கு, வரையறை, ஒரு வரிச் சந்தேகம் ஆகியவற்றுக்குத் தட்டச்சு. சுற்று, வடிவியல், விசைப் படம் வந்தால் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புவதே விரைவு.

## பதிவு வீடியோ

ஒரே கணக்கை ஐந்து பேர் தனித்தனியாகக் கேட்டால் பதிவு செய்து வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருள் இலவசம், 720 அளவே போதும். ஒரு வீடியோவில் ஒரு கணக்கு. ஆறு நிமிடத்தைத் தாண்டினால் கணக்கை இரண்டாகப் பிரியுங்கள். படத்தைவிட ஒலிக்கே செலவழியுங்கள். மின்விசிறிச் சத்தத்தோடு பதிவான விளக்கத்தைப் பிள்ளைகள் பாதியில் மூடிவிடுவார்கள்.

இதில் தெரியாத செலவு நேரம். நடுவில் ஒரு குறி தவறினால் முழுவதும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். பெரிய குறை, கேட்பவர் எங்கே தடுமாறினார் என்று வீடியோவுக்குத் தெரியாது. நான்காம் படியில் நிற்கும் பிள்ளை முதல் படியிலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு படிக்கும் முன்னால் மூன்று விநாடி நிறுத்தி, "இப்போ நிறுத்திட்டு நீங்களே எழுதிப் பாருங்க" என்று சொன்னால் கொஞ்சம் ஈடுகட்டலாம்.

## மாணவரின் நோட்டு எப்படி உங்களிடம் வருகிறது?

மேலே சொன்ன ஐந்தும் உங்கள் எழுத்தை மாணவரிடம் கொண்டுபோகும் வழிகள். மாணவரின் எழுத்து உங்களிடம் வரும் வழி இல்லாவிட்டால் 30,000 ரூபாய் டேப்லெட்டாலும் பயனில்லை. "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்றுதான் வரும்.

மின்சுற்றுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தவறான விடையைப் பார்த்தே தவறிய படியைச் சொல்லிவிடலாம். 4 ஆம்பியர் என்று வந்தால் பிள்ளை 12 வோல்ட்டை நேராக 3ஆல் வகுத்திருக்கிறது. 1 என்றால் மொத்த மின்னோட்டத்தைப் பாதியாகப் பிரித்திருக்கிறது. 0.67 என்றால் குறைந்த மின்தடை வழியேதான் அதிக மின்னோட்டம் போகும் என்பதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறது. 0.44 என்றால் முதல் படியில் 1/2ஐத் தலைகீழாக்காமல் 0.5 ஓம் என்றே கொண்டுபோயிருக்கிறது. நான்கு தவறுகளுக்கும் நான்கு வெவ்வேறு விளக்கங்கள் தேவை. ஐந்து படிகளையும் முதலிலிருந்து மறுபடி சொன்னால் நான்கு பேருக்குமே பாதிதான் உதவும்.

போனில் விரலால் பலகையில் எழுதச் சொல்லாதீர்கள். பகிரப்பட்ட பலகை, குறிப்பெழுதும் வசதி எல்லாம் லேப்டாப் வைத்திருக்கும் மாணவருக்குச் சரி. போன் மட்டும் உள்ள பிள்ளைக்கு நோட்டும் பேனாவுமே கருவி. இரண்டு படி சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அடுத்த படியை நோட்டில் எழுதி, கூட்டத்தை விட்டு வெளியேறாமலே வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். எச்டி தேர்வில் அனுப்பினால் பின்னக் கோடும் கழித்தல் குறியும் தெளிவாகத் தெரியும். ரப்பர் போட்டு அழிக்க வேண்டாம், அடித்தால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்; அடித்த வரியில்தான் உங்களுக்கு வேண்டிய தகவல் இருக்கும்.

நேரமும் இதற்கு ஏற்ப ஒதுக்க வேண்டும். ஸூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டத்துக்கு 40 நிமிடம்தான். கூகுள் மீட்டில் மூன்று பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 60 நிமிடம். 40 நிமிட வகுப்பில் போட்டோவுக்காகக் காத்திருக்கும் இடைவெளிகளோடு இந்த மாதிரிக் கணக்கு மூன்றுதான் முடியும். ஆறு கணக்கு முடித்தேன் என்று சொல்ல முடியாது, பெற்றோர் சிலர் கேட்கவும் செய்வார்கள். அவர்களுக்கு அந்த மூன்று கணக்கின் போட்டோக்களையும், நீங்கள் சிவப்பில் சுழித்த வரிகளோடு அனுப்பிவிடுங்கள்.